எட்டாவது விநாடி

முப்பத்தொரு ஆண்டுகள் நான் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தேன். கடைத்தெருவில் என் தலை தெரிந்தால் போதும், தட்டுகளைத் துடைத்து எடைக்கற்களை வரிசையாக எடுத்து வைப்பார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தராசு’. திட்டுவதாக நினைத்துத்தான் வைத்தார்கள். எனக்கு அது பட்டம் போலத்தான் இருந்தது. சொந்த மைத்துனன் மளிகைக் கடையில் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, அவன் கண் முன்னாலேயே தராசைத் தூக்கி வந்தவன் நான். மூன்று வருடம் அவன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மிதிக்காவிட்டால் போகிறான் என்று இருந்தேன். அப்படிப்பட்டவன் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மகளுக்கு முப்பத்திமூன்று வயது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இரவு வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு வீட்டில் யாரோ விழுந்து கிடக்கும்போது, பதறுகிறவரிடம் நிதானமாகப் பேசி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி, வண்டி போய்ச் சேரும்வரை பேச்சை விடாமல் பிடித்துவைத்திருக்கும் வேலை. கல்யாணத்தின்போது அறுபத்தெட்டு கிலோ இருந்தாள். ஏழு வருடத்தில் நூற்றுப்பதினெட்டு. சாப்பாட்டைக் குறைத்தாள், நடந்தாள், நீந்தினாள். குறைந்தது திரும்ப வந்தது. சர்க்கரை வந்தது. போன மாதம் வேலையில் ஹெட்போனோடு கண் செருகிவிட்டதாம். யாரும் சாகவில்லை. ஆனால் மேலதிகாரி கூப்பிட்டுப் பேசினார். அதன் பிறகுதான் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் என்று முடிவு செய்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ரத்தம், இதயம், நுரையீரல். கடைசியில் தூக்கம். தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டிலேயே ஒரு கருவியை மாட்டிப் பார்க்க வேண்டும். அவள் கணவர் வீட்டுக்குக் கீழே தகரப் பட்டறை. பகலில் அங்கே ஈ கூடத் தூங்க முடியாது. அதனால் இரண்டு வாரம் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தாள்.

வந்த மறுநாளே சம்பந்தி அம்மா போன் செய்தார்.

“குறட்டைக்கு டெஸ்ட் எடுக்கறாங்களாமே. கல்யாணத்தப்ப இப்படி ஒண்ணு இருக்குன்னு நீங்க சொல்லலையே.”

“இருந்தாத்தானே சொல்றதுக்கு. எங்க வீட்ல அந்தப் பழக்கம் யாருக்கும் கிடையாது” என்றேன்.

“அப்படியா. எங்க வீட்டுச் சுவருக்கு வேற மாதிரி கேக்குது.”

“ரிப்போர்ட் வரட்டும். நானே கொண்டுவந்து உங்க கையில தர்றேன். அப்பப் பாத்துக்கலாம்.”

பெண் பார்க்க வந்த அன்று, அவர்கள் எல்லோரும் எங்கள் கூடத்தில் இருக்கும்போது, எங்கள் பெண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது என்று சொன்னவன் நான். எழுதிக் கொடுக்கவில்லை. என் வாய்ச்சொல்லே போதும் என்று அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஏழு வருடம் கழித்து ஒரு காகிதம் வந்து அந்தச் சொல்லைப் பொய்யாக்குவதா என்ற எரிச்சல் போனை வைத்த பிறகும் அடங்கவில்லை.

கருவியைக் கொண்டுவந்த டெக்னீஷியன் இருபத்தைந்து வயதுப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, மேசைமேல் பையைத் திறந்தாள்.

“இந்த பெல்ட்ட நெஞ்சைச் சுத்திக் கட்டிக்கங்க. இந்தக் குழாய் மூக்குல. இந்த கிளிப் விரல்ல. பட்டன அமுக்கினா பச்சை விளக்கு எரியும். எரிஞ்சா பதிவாகி நெட் வழியா ஆஸ்பத்திரிக்குப் போகுதுன்னு அர்த்தம்.”

“எனக்கு நைட் ஷிஃப்ட். பகல்லதான் தூங்குவேன்” என்றாள் மகள்.

“எப்பத் தூங்குவீங்களோ அப்பப் போட்டுக்கங்க மேடம். ஆறு மணி நேரம் இருந்தா நல்லது. வீட்ல யாராச்சும் அப்பப்ப வந்து விளக்க மட்டும் பாத்துக்கங்க. கிளிப் கழண்டா மாட்டி விடுங்க.”

நான் கருவியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவுதான் இருந்தது.

“எவ்வளவு நேரம் மூச்சு நின்னா இது கணக்குல எடுக்கும்?”

“பத்து விநாடி சார். அதுக்குக் குறைஞ்சா எடுக்காது. மணிக்கு அஞ்சுக்குள்ள இருந்தா நார்மல். முப்பதத் தாண்டினா ரொம்ப அதிகம்.”

“இதுல பிழை வரம்பு எவ்வளவு? கடைசியா எப்பச் சோதிச்சீங்க?”

அவள் மகளைப் பார்த்தாள். “சார் என்ன இன்ஜினியரா?”

“இல்ல, எங்கப்பா. நீங்க கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடுங்க. இல்லன்னா உங்க வண்டி மீட்டரையும் பாத்துட்டுத்தான் விடுவாரு.”

இருவரும் சிரித்தார்கள். பத்து விநாடி என்ற எண் என் மனத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு, வேலை முடிந்து வந்து குளித்து, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு படுத்தாள். என் மனைவி நூலகத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறாள். ஒன்பதுக்குக் கிளம்பிவிட்டாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்தேன்.

கால் மணி நேரத்தில் சத்தம் ஆரம்பித்தது. இரும்புக் கட்டிலைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் சாத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது சத்தம் நின்றிருந்தது. நல்லது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நின்றது சத்தம் மட்டும்தானா என்று தோன்றியது.

விளக்கைப் பார்க்கலாம் என்று உள்ளே போனேன். பச்சையாகத்தான் எரிந்தது. அவள் நெஞ்சு பெல்ட்டை முட்டி முட்டி எழுந்தது. மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. பூட்டிய கதவை உள்ளிருந்து யாரோ தள்ளுவது போல இருந்தது. பழக்கதோஷம், மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தேன். பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்து. பத்தொன்பதில் ஒரு பெரிய இழுப்போடு மூச்சு வந்தது. அவள் விழிக்கவில்லை. அடுத்தது இருபத்திமூன்று. நான் அவளைப் பெற்றவன். இருபத்தாறு வயதுவரை அவள் இந்த வீட்டில்தான் தூங்கினாள். இதை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை எட்டு எண்ணியபோது என் கை அவள் கால் பெருவிரலை அழுத்தியது. கால் அசைந்தது. மூச்சு வந்தது.

மூச்சு வந்துவிட்டது என்ற நிம்மதி முதலில் வந்ததா, கணக்கில் ஏறாது என்ற எண்ணம் முதலில் வந்ததா என்று பிறகு என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். கணக்கில் ஏறாது என்பதுதான் முதலில் வந்தது.

நாற்காலியை இழுத்துக் கால்மாட்டில் போட்டுக்கொண்டேன். சத்தம் நிற்கும். எண்ணுவேன். எட்டில் அழுத்துவேன். சில தடவை பெருவிரல் போதவில்லை, பாதத்தையே திருப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் சட்டைப்பை நோட்டில் ஒரு கோடு போட்டேன். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டேன். ஏன் எழுதினேன் என்றால், எழுதாமல் எதையும் அளந்து எனக்குப் பழக்கமில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

இரண்டரைக்கு மனைவி வந்து கதவருகே நின்றாள்.

“என்ன, பொண்ணுக்குக் காவலா?” குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“விளக்கு எரியுதான்னு பாக்கறேன்.”

“விளக்கு தலைமாட்டுல இருக்கு. நீங்க கால்மாட்டுல உக்காந்திருக்கீங்க.”

“இங்கிருந்தே தெரியுது, போ.”

மூன்று மணிக்கு மகள் எழுந்தாள். மூக்குக் குழாய் கன்னத்தில் தடம் பதித்திருந்தது. “ஆறு மணி நேரம் தூங்கினேனா? நாள் பூரா மூட்டை தூக்கின மாதிரி இருக்கு” என்றாள். நான் காபி போடச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. மணிக்கு நாலு. இயல்பு என்று எழுதியிருந்தது. ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அதற்கு முன் திங்கட்கிழமை மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நான் கடைக்குப் போய் அந்த ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டு, அன்று மாலையே சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். சம்பந்தி அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார்.

“நாலுதானா. அப்பச் சரி. நீங்க சொன்னா சொன்னதுதான்” என்றார். தேநீர் வந்தது.

மாப்பிள்ளை அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் பேருந்து டிப்போவில் கால அட்டவணை போடுகிறவர். எண்களைப் பார்த்தால் சந்தேகப்படும் வேலை. கண்ணுக்குக் கீழே எப்போதும் கறுத்துத்தான் இருக்கும். வேலைச் சுமை என்று நினைத்திருந்தேன்.

“நாலா?” என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, “நாலா மாமா? மெஷின் சரியாத்தான் இருந்துச்சா?”

“மெஷின்ல என்ன குறை மாப்பிள்ளை? பச்சை விளக்கு கடைசிவரைக்கும் எரிஞ்சது.”

அவர் காகிதத்தை மடித்து அம்மாவிடமே கொடுத்தார். பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பேப்பரை எடுத்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினேன். காலையில் மகள் வந்து படுத்ததும் பின்னறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பேன். சத்தம் நிற்கும். இப்போது கருவி இல்லை, கணக்கு இல்லை. ஆனாலும் கை வாட்சுக்குப் போகும். ஒருநாள் முப்பத்தொன்று எண்ணினேன். அழுத்த மறந்து நின்றுவிட்டேன். அவளாக இழுத்துக்கொண்டாள்.

கருவியைத் திரும்ப எடுத்துப்போக டெக்னீஷியன் வந்தபோது வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

“இந்த எண் முப்பது, நாற்பதுன்னு வந்திருந்தா என்ன பண்ணுவாங்க?”

“ஆபரேஷனத் தள்ளிப் போடுவாங்க சார். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, தூங்கும்போது காத்த உள்ள தள்ளற மாஸ்க் மெஷின் போட்டுப் பழகச் சொல்வாங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் சாதாரண வார்டுக்கு அனுப்ப மாட்டாங்க. பக்கத்துலயே ஆள் வெச்சுப் பாப்பாங்க.”

“எதுக்கு அவ்வளவு?”

“மயக்க மருந்து, வலி மருந்து ரெண்டுமே மூச்ச அமுக்கும் சார். வீட்ல தூங்கறப்ப மூச்சு நின்னா உடம்பு பதறி எழுப்பி விட்டுடும். மருந்துல அந்தப் பதற்றமே வராது.” பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “உங்களுக்கு என்ன கவலை. மேடத்துக்குத்தான் நாலுன்னு வந்துருச்சே. ரிப்போர்ட்ல வந்துட்டா யாரும் மறுபடி கேக்கக்கூட மாட்டாங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மனைவி துணி துவைக்கும்போது என் சட்டைப்பையிலிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இது எந்தக் கடைக் கோடு? ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆச்சே.”

அவள் ஈரக் கையோடு நின்று பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அன்றைய தேதி போட்டிருந்தேன். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் போட்டிருந்தேன். மொத்தம் இருநூற்று மூன்று. நூலகத்தில் வேலை பார்க்கிறவள், தேதியைப் பார்த்தாலே போதும்.

“கால்மாட்டுல” என்றாள்.

“ஆமா.”

“எத்தனை எண்ணினதும்?”

“எட்டு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் உட்கார்ந்து நான் நின்று பதில் சொன்னது அன்றுதான்.

“என் தம்பி காந்தம் வெச்சான். நீங்க விரல வெச்சீங்க” என்றாள். “அவன் சக்கரையில கை வெச்சான். நீங்க எதுல வெச்சீங்கன்னு தெரியுதா?”

“தெரியுது.”

“திங்கக்கிழமை டாக்டர்ட்ட சொல்லிடுங்க.”

“சம்பந்தி அம்மா கையில காகிதத்தக் குடுத்துட்டு வந்திருக்கேன்.”

“அப்ப அந்தக் காகிதத்தோடயே பொண்ணையும் மேசையில படுக்க வைங்க” என்று சொல்லிவிட்டு மீதித் துணியைத் துவைக்கப் போய்விட்டாள்.

அப்போதும் என் புத்தி வளைந்து போகத்தான் வழி தேடியது. டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். கருவியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாமா என்றேன்.

“அந்த மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. மறுபடி எடுக்கணும்னா காரணத்தச் சொல்லி டாக்டர்ட்டதான் எழுதி வாங்கணும். என்ன கோளாறு பாத்தீங்க?”

போனை வைத்துவிட்டேன். பிடிபட்ட வியாபாரிகள் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். தராசு கெட்டுப்போச்சு சார். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு, சொல்கிறவன் முகத்தைப் பார்க்காமலே சம்மன் எழுதியவன் நான்.

திங்கட்கிழமை மயக்க மருந்து டாக்டரின் அறை. மகள், மாப்பிள்ளை, நான். டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. ஒவ்வொரு காகிதமாகத் திருப்பிக்கொண்டே பேசினார்.

“சர்க்கரை கட்டுப்பாட்டுல இருக்கு. இதயம் நல்லாயிருக்கு. தூக்கம் நாலு. உங்க எடைக்கு நாலுங்கறது அதிர்ஷ்டம்தான். அப்ப ஆபரேஷன் முடிஞ்சதும் சாதாரண வார்டே போதும்.” பேனாவை எடுத்தார்.

“அந்த ரிப்போர்ட் செல்லாது” என்றேன்.

பேனா நின்றது. மகள் திரும்பினாள். “அப்பா, என்ன பேசறீங்க?”

நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். நின்றுகொண்டுதான் சொன்னேன். எட்டாவது விநாடியில் காலை அழுத்தியதை, ஆறு மணி நேரத்தை, இருநூற்று மூன்றை. மாப்பிள்ளை இருக்கும்போது சொன்னேன். அவரை வெளியே இருக்கச் சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். எதற்காகச் செய்தேன் என்று டாக்டர் கேட்டார். பெண் கொடுத்த வீட்டில் நான் சொன்ன சொல் பொய்யாகக் கூடாது என்பதற்காக என்றேன்.

டாக்டர் நோட்டின் பக்கங்களைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு சுத்தமா ஒரு ரிப்போர்ட்டக் கெடுத்து நான் பாத்ததில்ல” என்றார்.

மகள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள். கட்டுப்பாட்டு அறையில் பேசும் நிதானமான குரல்.

“எங்களுக்கு போன் பண்றவங்க சில பேரு பொய் சொல்வாங்கப்பா. கீழ விழுந்துட்டார்னு சொல்வாங்க. பூச்சி மருந்தக் குடிச்சத மறைப்பாங்க. குடும்ப மானம். நாங்க அதை நம்பி ஒரு வண்டிய அனுப்புவோம். அந்த வண்டியில அதுக்கான மருந்து இருக்காது. நான் நம்ம வீட்டுக்கு வந்து அவங்களத் திட்டுவேன். உங்ககிட்டத்தான் வந்து திட்டியிருக்கேன். நீங்களும் ஆமா ஆமான்னு தலையாட்டுவீங்க.”

மாப்பிள்ளை செருமினார். “டாக்டர், ஒண்ணு சொல்லணும். நானும் அதைத்தான் பண்றேன். வீட்ல இருக்கற நாள்ல எல்லாம். கால அமுக்குவேன். அஞ்சு வருஷமா.”

“நீங்களுமா?” என்றாள் மகள். “ஏன் சொல்லல?”

“சொன்னா நீ சங்கடப்படுவே. அதுவுமில்லாம மாமா எங்க வீட்ல அப்படி யாருக்கும் கிடையாதுன்னு அம்மாகிட்ட அடிச்சுச் சொல்லியிருக்காரு. நாலுன்னு பாத்ததும் நான்தான் தேவையில்லாம பயந்திருக்கேன் போலன்னு நினைச்சுட்டேன்.”

டாக்டர் வெள்ளிக்கிழமைத் தேதியைக் குறுக்கே அடித்தார். “வியாழக்கிழமை மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை ரெண்டு பேருமே அந்த அறைப் பக்கம் போகக் கூடாது.”

“அறைப் பக்கம் என்ன, வீட்டுப் பக்கமே வேண்டாம்” என்றாள் மகள்.

வியாழக்கிழமை காலை அவள் படுக்கும்போது மனைவி விடுப்பு எடுத்திருந்தாள். கருவியை மாட்டிவிட்டு, என்னையும் காலையிலேயே வந்துவிட்டிருந்த மாப்பிள்ளையையும் வெளியே அனுப்பி உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையும் நானும் தெருவில் நின்றோம். மணி ஒன்பது. மூன்றுவரை போக இடமில்லை.

முதலில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கிருந்து பூங்கா. பூங்காவிலிருந்து சலவைக் கடை வாசல் பெஞ்சு. உட்கார்ந்த இரண்டாம் நிமிடமே எழுந்துவிட்டேன். சலவைக் கடைக்காரன் எங்களை இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். இந்நேரம் தூங்கியிருப்பாள். இந்நேரம் சத்தம் நின்றிருக்கும். பதினொன்று, பன்னிரண்டு. அந்த மூச்சு நிற்கும்போது நிற்கட்டும் என்று நான் தெருவில் நிற்க வேண்டும். நின்றால்தான் அது காகிதத்தில் ஏறும். ஏறினால்தான் அவளைக் காப்பாற்றுவார்கள். புத்திக்கு இது புரிந்தது. கால் மட்டும் வீட்டுப் பக்கமே திரும்பியது.

“மாமா, வாட்ச் பாக்காதீங்க.”

“பாக்கல.”

“இப்பக்கூடப் பாத்தீங்க.”

வாட்சைக் கழற்றிப் பையில் போட்டேன்.

கொஞ்சதூரம் நடந்த பிறகு கேட்டேன். “நீங்க எத்தனாவது விநாடியில தொடுவீங்க மாப்பிள்ளை?”

அவர் யோசித்தார். “எண்ணினதில்ல மாமா. எனக்குத் தாங்காதப்ப தொடுவேன்.”

அவரை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். சபையில் ஒதுங்கி நிற்பார், சத்தமாகப் பேசத் தெரியாது, நம் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் மிடுக்கான ஆளாகப் பார்த்திருக்கலாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறியது. அவர் தெருவைக் கடந்து போய் இரண்டு தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வந்து, மூடியைத் திறந்து ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

பதினொன்றரைக்கு என்னால் முடியவில்லை. வீட்டு வாசல்வரை போய்விட்டேன். கதவில் கை வைப்பதற்குள் மனைவி ஜன்னலில் தெரிந்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். பின்னறைச் சத்தம் வாசலுக்கே கேட்டது. பிறகு கேட்கவில்லை. மாப்பிள்ளை என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கை வியர்த்திருந்தது.

மறுநாள் மதியம் முடிவு வந்தது. மகள் தன் போனில் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். மணிக்கு நாற்பத்திநாலு. அதிக நேரம் நின்றது ஐம்பத்தேழு விநாடி. திங்கட்கிழமை மாஸ்க் மெஷின் வரும், ஆறு வாரம் போட்டுப் பழகிய பிறகு ஆபரேஷன் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

“அத்தைக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேண்டாம்” என்றாள். நாலு நாளில் என்னிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

“காகிதத்தக் குடுத்தது நான்” என்றேன்.

மாலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் நின்றபடியே சம்பந்தி அம்மாவுக்குப் போன் செய்தேன். உட்கார்ந்து பேசினால் குரல் தாழ்ந்துவிடும் என்று தோன்றியது.

“மறுபடி டெஸ்ட் எடுத்தோம். நாற்பத்திநாலு வந்திருக்கு. தூங்கறப்ப மூச்சுக்கு ஒரு மெஷின் போடணுமாம்.”

“அப்ப முன்னாடி குடுத்த காகிதம்?”

“அது தப்பு. மெஷின் தப்பு இல்ல, நான் பண்ணின தப்பு. உங்க பையன் சொல்லலையா?”

“அவன் எதைச் சொல்லுவான். இப்படி ஒண்ணு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“கல்யாணத்தப்பத் தெரியாது. போன வாரம் தெரியும். தெரிஞ்சுதான் காகிதத்தக் கொண்டுவந்தேன். அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க.”

“எதுக்குக் கிழிக்கணும். இருக்கட்டும்” என்றார் சம்பந்தி அம்மா. அந்தக் காகிதம் அவர் பீரோவில் எத்தனை வருடம் இருக்கும், எந்தெந்தச் சண்டையில் வெளியே வரும் என்று எனக்குத் தெரிந்தது. இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு அவரே கேட்டார். “ஏதோ மூச்சு மெஷின்னீங்களே. அது ராத்திரி பூரா ஓடுமா?”

“இவ தூங்கறப்ப எல்லாம் ஓடும்.”

“சத்தம் போடுமா? என் பையன் தூங்கி அஞ்சு வருஷம் ஆச்சு.”

“தெரியல. கேட்டுச் சொல்றேன்.”

அவர் வைத்துவிட்டார். மகள் வாசலருகே குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். குனிந்தால் அவளுக்கு மூச்சு வாங்கும்.

“என்ன சொன்னாங்க?”

“மெஷின் சத்தம் போடுமான்னு கேட்டாங்க.”

அவள் சிரிக்கவில்லை. மற்ற ஷூவின் நாடாவையும் கட்டி முடித்து நிமிர்ந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“போடாது. காத்து வர்ற மாதிரி மெல்லிசாத்தான் கேக்கும்னு சொல்லுங்க” என்றாள். “இப்பவே சொல்லிடுங்க. அவங்களும் தூங்க மாட்டாங்க.”

அவள் படியிறங்கிப் போனாள். நான் மறுபடி அந்த எண்ணை அழுத்தினேன்.